மெயில் 550-னு திரும்பி வருதா? அந்த பவுன்ஸ் மெயிலை முழுசா படிங்க

நண்பா, ஒரே ஒரு ஆளுக்கு அனுப்புற மெயில் மட்டும் 550-னு (அந்தப் பக்க சர்வர் மெயிலை ஏத்துக்கலன்னு சொல்ற கோடு) திரும்பி வருது, பாஸ்வேர்டு மாத்தியும் வைரஸ் ஸ்கேன் பண்ணியும் சரியாகலன்னு சொல்லிருக்கீங்க. தப்பு உங்க மேல இல்லாம இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பவுன்ஸ் மெயில்ல, அதாவது போகலன்னு திரும்பி வந்த அந்த மெயில்ல, கீழ வரைக்கும் பாருங்க, பிளாக்லிஸ்ட்டால (ஸ்பேம் வருதுன்னு தடுக்குற ஐபிங்களோட லிஸ்ட்) திரும்பியிருந்தா ஒரு ஐபி நம்பரும் (நெட்ல ஒரு கனெக்ஷனோட அட்ரஸ்) அந்த லிஸ்ட் பேரும் பெரும்பாலும் இருக்கும். அந்த ஐபி உங்க வீட்டு கனெக்‌ஷனோடதா, உங்களுக்கு மெயில் குடுக்குற ப்ரொவைடரோட சர்வரோடதா? எல்லாமே இதுலதான் இருக்கு.

வீட்டு ஐபி, ஸ்பாம்ஹவுஸ்ங்கிற பிளாக்லிஸ்ட் அமைப்போட பிபிஎல் லிஸ்ட்னு போட்டிருந்தா பயப்படவே வேணாம், அது ஸ்பேமர் லிஸ்ட் இல்ல, வீட்டு கனெக்‌ஷன்லருந்து நேரா மெயில் போகக்கூடாதுன்னு பல இன்டர்நெட் ப்ரொவைடருங்க தாங்களே குடுக்குற ஐபி ரேஞ்ச். மெயில் ஆப்ல அவுட்கோயிங் போர்ட் 25-னு இருந்தா 587 ஆக்கி, லாகின் பண்ணி அனுப்புற மாதிரி வைங்க, பெரும்பாலும் அதோட தீந்துடும். அதே ஸ்பாம்ஹவுஸோட எக்ஸ்பிஎல் லிஸ்ட்னா வேற, அந்த ஐபில ஏதோ ஒரு மெஷின் வைரஸ் பிடிச்சு கிடக்கு, ஒரே ஐபியை பல வீட்டுக்கு பங்கு போட்டிருந்தா அது யாரோடதாவும் இருக்கலாம்.

சர்வர் ஐபின்னா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, ப்ரொவைடர்தான் எடுக்க வைக்கணும். எனக்கு இப்படி ஆனப்போ மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னுதான் மூணு நாள் சொன்னாங்க, பவுன்ஸ் மெயிலை அப்படியே காப்பி பண்ணி அனுப்பினப்புறம்தான் டெக்னிக்கல் டீமுக்கே போச்சு. அதுவரைக்கும் அவசர மெயிலை வேற வெப்மெயில்லருந்து அனுப்புங்க. காசு குடுத்தா லிஸ்ட்லருந்து எடுத்துத்தரேன்னு எவனாவது வந்தா குடுக்காதீங்க, ஸ்பாம்ஹவுஸ்ல எடுக்குறதுக்கு காசே கிடையாது.