செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு போல வெள்ளைப் பூச்சி. வேப்பெண்ணெய் தெளித்தும் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம்?

அது மாவுப்பூச்சி. எங்கள் கோவைப் பக்கம் கள்ளிப்பூச்சி என்போம். மருந்து இருக்கட்டும், முதலில் தண்டைப் பாருங்கள், எறும்பு வரிசை கட்டி ஏறுகிறதா? மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாக ஒரு பிசுபிசுப்பை விடும், அதற்காகத்தான் எறும்பு அதைக் காவல் காக்கிறது, கிட்டே வரும் பொறிவண்டையும் விரட்டிவிடும். இலையில் கரி பூசின மாதிரி இருந்தால் அதுவும் அந்தப் பிசுக்கில் வளரும் பூஞ்சைதான். தண்ணீர் ஊற்றிய தட்டில் இரண்டு செங்கல் போட்டு அதன் மேல் தொட்டியை வையுங்கள், செடி சுவரைத் தொடக்கூடாது, தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம்.

அப்புறம் வேப்பெண்ணெய். நானும் முதல் வருடம் வெறும் எண்ணெயைத் தண்ணீரில் கொட்டிக் குலுக்கி மத்தியான வெயிலில் அடித்தேன், இலை கருகியது, பூச்சி சுகமாக இருந்தது. சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரில் கலக்காது, பூச்சி மேலுள்ள மெழுகையும் தாண்டாது. ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், அதோடு 2 மில்லி காதி சோப்புக் கரைசல், சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய. அதற்கு முன்னால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி விழுந்துவிடும். பஞ்சுப் பொதிக்குள் இருக்கும் முட்டைக்கு இது எதுவும் எட்டாது, அதனால்தான் உங்களுக்குத் திரும்ப வருகிறது. வாரம் ஒரு தடவை, மூன்று நான்கு வாரம் விடாமல் அடிக்க வேண்டும்.

ஆனால் அடிக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். கூட்டத்தின் நடுவே மாவுப்பூச்சியை விடப் பெரிதாக, நீள நீளமாக வெள்ளை இழைகள் தொங்க ஒன்று வேகமாக ஊர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள், அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. பார்க்க இரை மாதிரியே இருப்பதால் 'ஐயோ பெரிய பூச்சி' என்று நானே எத்தனையோ கொன்றிருக்கிறேன். குச்சியால் தொட்டால் ஓடுவது நண்பன், மந்தமாகக் கிடப்பது மாவுப்பூச்சி. புழு இருக்கும் கிளையில் மருந்து வேண்டாம்.

சும்மா சொல்லவில்லை. 2008இல் இங்கே பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை, மருந்தடித்து ஓய்ந்துபோனார்கள். 2010இல் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது.

இலை சுருண்டு கொழுந்து முடிச்சு விழுந்திருந்தால் அதற்கு மேல் வைத்தியம் பார்க்காதீர்கள். அந்த நுனியை வெட்டி சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள், உரக்குழியில் போட்டால் அங்கிருந்து பக்கத்துத் தொட்டிக்கு நடந்தே வந்துவிடும்.