வாடகைக் கயாக்கில் ஆற்றுப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: முதன்முறையாக வாடகைக்கு எடுக்கிறோம். எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: படகுக்கு முன் லைஃப் ஜாக்கெட்டைப் பாருங்கள். வார்களை இறுக்கிக் கட்டியபின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்படி ஒருவரிடம் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் வேறு அளவு கேளுங்கள். பிறகு கயாக்கைக் கவிழ்த்து அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். நகம் இறங்கும் அளவுக்கு விரிசல் இருந்தால் அந்தப் படகு வேண்டாம். நீர் வடியும் துளையின் மூடியையும் நீங்களே முறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: உள்ளே அமரும் கயாக் நல்லதா, மேலே அமர்வதா?

பதில்: புதியவர்களுக்கு மேலே அமர்வது. கவிழ்ந்தாலும் உள்ளே சிக்கிக்கொள்ள இடமில்லை.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். எனக்கும் ஜாக்கெட் கட்டாயமா?

பதில்: கட்டாயம். 15 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த குளிர்நீரில் திடீரென விழும்போது, நம்மை அறியாமலே மூச்சை இழுத்துவிடுகிறோம். அந்த முதல் நிமிடத்தில் நீச்சல் திறமை கைகொடுப்பதில்லை.

கேள்வி: முந்தைய நண்பர் கேட்டது நியாயம்தான். இடுப்பளவு நீரில் எழுந்து நின்றுவிடலாமே?

பதில்: இந்த எண்ணத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஓடும் நீரில் நிற்க முயலும்போது பாறையிடுக்கில் பாதம் சிக்கினால், நீரோட்டம் உடலை முன்னே சாய்த்து முகத்தை நீருக்குள் அழுத்திவிடும். வேகம் இருமடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதால், இடுப்பளவு நீரே போதும், மீள முடியாது. மல்லாந்து படுத்து, நீர் போகும் திசையில் பாதங்களை மேலாக நீட்டியபடி மிதந்து, வேகம் குறைந்த கரையோரத்தை நோக்கி நகருங்கள். எதிரே விழுந்த மரம் கிடந்தால் மட்டும் இது பொருந்தாது: கிளைகளுக்கிடையே நீர் போய்விடும், ஆள் போக முடியாது. உடனே குப்புறத் திரும்பி, அதிலிருந்து விலகி முழு மூச்சாக நீந்துங்கள்.

கேள்வி: வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. முன்பே சொல்லிவிட்டேன்.

கேள்வி: போகும் வழியில் மீன் பிடிக்க அனுமதி வேண்டுமா?

பதில்: அது என் துறை அன்று, அந்த ஆற்றை நிர்வகிப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: புறப்படுமுன் வாடகைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: வழியில் தடுப்பணை எங்கே இருக்கிறது, அதற்கு முன் எந்தக் கரையில் ஒதுங்கிப் படகைச் சுமந்து கடப்பது என்று கேளுங்கள். மேலிருந்து வருபவருக்கு அது நீர்ப்பரப்பில் ஒரு நேர்கோடாக மட்டுமே தெரியும்; அடியில் சுழலும் நீரோ விழுந்தவரை மீண்டும் மீண்டும் அணையை நோக்கியே இழுக்கும்.