கேட்டிய, சொல்லுதேன்: கல்யாணக் கார்டுல வளைஞ்சு நெளிஞ்ச எழுத்து

கேள்வி: அண்ணாச்சி, மகளுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கோம். கார்டோட இங்கிலீஷ் பக்கத்துல பொண்ணு மாப்ள பேரை, பேனாவுல எழுதுன மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு வருமே அந்த ஸ்டைல்ல, பூராவும் கேப்பிட்டல்லயே போட்டு பிரஸ்ல ப்ரூஃப் அனுப்பிருக்காவ. வீட்ல ஒருத்தருக்கும் வாசிக்க வரல. ஃபான்ட்டை மாத்தச் சொல்லணுமா?
— ஒரு தகப்பனார், பாளையங்கோட்டை

பதில்: ஃபான்ட்டை மாத்த வேண்டாம், கேப்பிட்டலை மாத்தச் சொல்லுங்க, போதும். அது கூர் நிப்புப் பேனாவுல பொறந்த எழுத்து, கீழ இழுக்கும்போது அழுத்துனா நிப்பு பிளந்து கோடு தடிக்கும், மேல தூக்கும்போது மயிரிழையா மெலியும், இங்கிலாந்துல எழுத்துச் சொல்லிக்குடுக்க வாத்தியாருங்க அப்படி எழுதுனதைச் செப்புத் தகட்டுல வெட்டி புஸ்தகமா அடிச்சாவ. அதுல 17ஆம் நூற்றாண்டுக்காரர் சார்லஸ் ஸ்னெல்னு ஒரு வாத்தியார், அவரு எழுத்தை வச்சுத்தான் மேத்யூ கார்ட்டர் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்னு ஒரு ஃபான்ட் பண்ணாரு, 1966ல வந்துச்சு, எனக்கு இன்னைக்கும் அதுதான் ரொம்பப் பிடிச்சது. இந்த எழுத்துல கேப்பிட்டல்ங்கது பேருக்கு முன்னால ஒத்தையா நிக்கதுக்கு வரைஞ்சது, அதோட வாலும் சுழியும் அக்கம்பக்கத்தையெல்லாம் பிடிச்சுக்கிடும், பின்னால வார சின்ன எழுத்துகதான் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துப் போகும். அதனால முத எழுத்து மட்டும் பெருசு. நடுவுல ஸ்பேஸும் கூட்ட விட்ராதீங்க, கோத்த கை விட்டுரும்.

இன்னொண்ணு, மெரூன் கலர் அடிச்சு பேரை வெள்ளையா விட்டா மை பரவி அந்த மயிரிழை அடைஞ்சு போகும், கோல்டு ஃபாயில்ல அங்கங்க அந்துரும், பேரை நல்லாப் பெருசா வச்சாத்தான் தப்பிக்கும். நாள், நேரம், மண்டபம் மூணும் சாதா எழுத்துலயே இருக்கட்டும், பெரியவங்க முகூர்த்த நேரத்தைத் தடவாம வாசிக்கணும்லா.

கேள்வி: அந்த மாதிரி இங்கிலீஷ் ஃபான்ட்டை செலக்ட் பண்ணிட்டுத் தமிழ் அடிச்சா சாதா எழுத்துதான் வருது, ஏன்?
— ஒரு வாசகி, திருச்செந்தூர்

பதில்: அந்த ஃபான்ட்டுக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாதும்மா, கம்ப்யூட்டர் வேற ஃபான்ட்ல இருந்து எடுத்துப் போட்டுருது. தமிழுக்குன்னே அலங்கார ஃபான்ட் இருக்கு, ஆனா இங்கிலீஷ் மாதிரியே சாய்ச்சு இழுத்துக் கோத்தது எனக்கு மனசுக்கு ஒப்பல. நம்ம எழுத்து ஓலைல எழுத்தாணி கீறி வளந்தது, தடிப்பும் மெலிவும் கிடையாது, கோடு ஒரே சீரா ஓடும், ஓலை பொத்துரும்னு மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காம எழுதிருக்காவ. உங்க ஊர்ப்பக்கம் புன்னைக்காயல்ல இருந்த அண்ட்ரிக் அடிகளார்ங்க பாதிரியார் 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம்ங்க தமிழ் புஸ்தகத்தை அச்சடிச்சப்பவும் தனித்தனி எழுத்தா வார்த்துத்தான் அடுக்குனாவ. நமக்கு அழகு ழகரத்தோட வால்லயும் ணகரத்தோட சுழியிலயும் இருக்கு, அதை நல்லா வளைக்கத் தெரிஞ்ச போர்டு ஆர்டிஸ்ட் ஒருத்தரைப் பிடிச்சு, பேரை மட்டும் பிரஷ்ல எழுதி வாங்கி, 600 டிபிஐக்குக் கொறையாம ஸ்கேன் பண்ணி பிரஸ்ல குடுங்க.