‘உடன் வரவில்லை’ என்று யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 33. எம்.இ. முடித்து ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்க ஒரு கன்சல்டன்ட்டிடம் பாதிக் கட்டணம் கட்டியிருக்கிறேன். பாயின்ட் பார்த்து ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ப்ரொஃபைல் போட்டு மூன்று மாதம் ஆகிறது. விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு இன்னும் வரவில்லை. மனைவியைச் சேர்த்தால் 422 பாயின்ட்தான், சேர்க்காவிட்டால் 447 என்று கணக்குப் போட்டு, அவளையும் நான்கு வயது மகளையும் ‘உடன் வராதவர்’ என்று கன்சல்டன்ட்டே பதிந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தில் இருவரையும் ஸ்பான்சர் செய்துகொள்ளலாமாம். மனைவிக்கு 29 வயது, பி.ஏ., பி.எட்., ஐந்து வருடமாகப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பரீட்சை நேரம் என்பதால் அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இப்போது இரண்டாம் தவணை கேட்கிறார். லாகின், பாஸ்வேர்ட் எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. இன்னொருவர் குறைந்த கட்டணத்தில் ‘நிச்சயம் பி.ஆர்.’ என்கிறார். யாரிடம் போவது நல்லது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ப்ரொஃபைல் போட்டு மூன்று மாதம் ஆயிற்று என்கிறீர்கள். எந்தப் பள்ளியில் மூன்று மாதம் பரீட்சை நடக்கிறது?

யாரிடம் போவது என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினீர்களே, ‘அவளிடம் இன்னும் சொல்லவில்லை’ என்று, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான். ஒரு நாட்டு அரசாங்கத்திடம் ‘என் மனைவி என்னோடு வரமாட்டார்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த முடிவை எடுத்தவர் உங்கள் மனைவி அல்ல, நீங்களும் அல்ல. தவணைக்கு ஆள் வைத்து நினைவுபடுத்துகிற ஒருவர் எடுத்திருக்கிறார். மகளையும் எதற்குச் சேர்த்து வராதவர் ஆக்கினார் என்று கேட்டீர்களா? பிள்ளைகளைச் சேர்ப்பதால் இந்தக் கணக்கில் ஒரு பாயின்ட்கூடக் குறையாது. கேட்டிருக்கமாட்டீர்கள்.

சொல்லாமலே கடைசிவரை போய்விடலாம் என்று நினைத்தால், அது நடக்காது. உடன் வராத மனைவிக்கும் மகளுக்கும்கூட மெடிக்கல் கட்டாயம். 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்தைப் போடும்போதே மெடிக்கல் முடித்த சான்றையும் இணைத்தாக வேண்டும். ஊரில் இருக்கிற எந்த டாக்டரிடமும் போக முடியாது. கனடா குடியேற்றத் துறை பட்டியலில் உள்ள பேனல் டாக்டர் பார்க்க வேண்டும், பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். 18 வயது தாண்டியவர் என்பதால் மனைவிக்குப் போலீஸ் சான்றும் வேண்டும். அழைப்பு வந்தபின் இதற்கெல்லாம் மொத்தம் 60 நாள். அந்த 60 நாளில் ஒரு காலை, ‘கிளம்பு, டாக்டரிடம் போகணும்’ என்பீர்கள். எதற்கு என்று கேட்பார். என்ன சொல்வீர்கள்?

சரி, அவரையும் மகளையும் மெடிக்கலுக்குக் கூட்டிப்போகாமல், பெயரையே விட்டுவிடலாம் என்று அடுத்த யோசனை வரும். இந்த ஆட்கள் அதையும் சொல்வார்கள். அதைச் செய்தீர்களானால், பிற்பாடு அவர்களை ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபடும். பரிசோதிக்கப்படாத குடும்பத்தினரைக் குடும்பப் பிரிவிலிருந்தே விலக்குகிறது கனடா குடியேற்ற ஒழுங்குவிதி 117(9)(டி). இதில் மாட்டி வருடக்கணக்கில் பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் உண்டு.

மனைவியை விட்டுவிட்டுத் தனியாக விண்ணப்பிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அவர் படிப்பை முடிக்க வேண்டும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது வர விருப்பமே இல்லை என்றால், ‘உடன் வராதவர்’ என்பது உண்மை, தாராளமாக எழுதலாம். உங்கள் விஷயம் அப்படியா? ‘ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம்’ என்ற பேச்சிலேயே அவர் வரப்போகிறார் என்பது இருக்கிறதே. பாயின்ட்டுக்காக எழுதிய பொய் என்று அதிகாரிக்குப் பட்டால், முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். விளக்கம் எடுபடாவிட்டால் குடியேற்றச் சட்டம் 40-ஆம் பிரிவு. ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையத் தடை. அந்த ஐந்து வருடமும் பி.ஆர். விண்ணப்பமே போட முடியாது. இப்போது தப்பித்தாலும், நாளை மனைவியை ஸ்பான்சர் செய்யும்போது இதே கோப்பைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பி.ஆர். மட்டும் வைத்திருப்பவர் கனடாவில் இருந்துகொண்டுதான் ஸ்பான்சர் செய்ய முடியும். கட்டணம் மறுபடி முதலிலிருந்து. மனைவியின் செலவுக்கு மூன்று வருடம் நானே பொறுப்பு என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

பணமாவது மிஞ்சுமா என்றால் அதுவும் இல்லை. கையிருப்பு காட்டும்போது உடன் வராதவர்களையும் எண்ணித்தான் குடும்ப அளவைப் பார்ப்பார்கள். 2025 ஜூலையில் அறிவித்தபடி மூன்று பேருக்கு 23,360 கனடா டாலர். மனைவியும் மகளும் வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை.

இப்போது அந்த 422, 447 கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கன்சல்டன்ட் கூட்டல் சரிதான். ஒரு பக்கத்தை மட்டும் கூட்டியிருக்கிறார். தனி ஆள் என்றால் 33 வயதுக்கு 88, முதுகலைக்கு 135, மொழிக்கு 124. துணையோடு என்றால் அதே மூன்றுக்கும் 80, 126, 116. வித்தியாசம் 25. அனுபவத்தையும் படிப்பையும் சேர்த்து வரும் 100 இரண்டிலும் ஒன்றே. ஆக 447, 422. ஆனால் அந்த 422-இல் மனைவியின் பங்கு பூஜ்யம். ஏனென்றால் அவர் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதவில்லை, நம் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் இ.சி.ஏ. மதிப்பீடு வாங்கவில்லை. யாரும் அவரிடம் சொல்லவே இல்லையே, எப்படி எழுதுவார்?

துணையின் மொழிக்கு 20 பாயின்ட் வரை உண்டு, படிப்புக்கு 10 வரை. ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் கேட்டலுக்கு 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் முழு 20. ஐந்து வருடமாக ஆங்கிலம் நடத்துகிறவருக்கு எட்டாத மதிப்பெண்ணா அது? இளங்கலைக்கு 8. உங்கள் 422 அப்போது 450 ஆகிறது. பொய் சொல்லி வாங்கிய 447-ஐவிட மூன்று அதிகம்.

ஆனாலும் 450-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கனடாவிலேயே வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு 2025-இல் நடந்த அழைப்புச் சுற்றுகளின் கட்-ஆஃப்கூட 500-க்கு மேலேதான் நின்றது. ஒரு மாகாண அரசு உங்களைப் பரிந்துரைத்து, அந்த நாமினேஷனுக்கு 600 ஏறினால் ஒழிய, 447-ம் 450-ம் உங்களுக்கு ஒன்றுதான். கன்சல்டன்ட்டுக்கு இது தெரியாது என்று நான் நம்பமாட்டேன்.

அவர் பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது. 2025 பிப்ரவரியில் கல்விப் பணிகளுக்கென்றே தனி அழைப்புப் பிரிவை அறிவித்தார்கள். பள்ளி ஆசிரியர்கள் அதில் வருகிறார்கள்: மேல்நிலை ஆசிரியர் என்றால் தொழில் குறியீடு 41220, தொடக்கப் பள்ளி என்றால் 41221. இப்போது மனைவியை முதன்மை விண்ணப்பதாரராகவும் உங்களைத் துணையாகவும் வைத்துக் கூட்டுங்கள். 29 வயதுக்கு 100. பி.ஏ.-வையும் பி.எட்.-டையும் இ.சி.ஏ. அறிக்கை இரண்டு தனிப் பட்டங்களாக ஏற்றால் 119. நான் மேலே சொன்ன ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணுக்கு 116. படிப்பு, அனுபவம் சேர்க்கைக்கு 100. துணையாக நீங்கள் தருவது 30. கூட்டினால் 465. 2025 செப்டம்பரில் நடந்த கல்விச் சுற்றின் கட்-ஆஃப் 462.

கட்-ஆஃப் சுற்றுக்குச் சுற்று மாறும், பிரிவுகளும் மாறும். 30-ஆவது பிறந்தநாள் வந்தால் வயதில் 5 பாயின்ட் போகும். பி.ஆர். கிடைத்தாலே அங்கே வகுப்பில் நிற்க முடியாது, அந்தந்த மாகாணத்தின் ஆசிரியர் உரிமம் தனியாக வாங்க வேண்டும். எல்லாம் உண்மை. ஆனாலும் உங்கள் வீட்டில் கனடா போக வழி யாரிடமாவது இருக்கிறது என்றால் அது அவரிடம்தான் இருக்கிறது. அவரைத்தான் ‘வராதவர்’ பெட்டியில் டிக் அடித்து வைத்திருக்கிறீர்கள். கூடப் பிழைக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். வேலை தேடி ஆண் முன்னால் போவதும் குடும்பம் பின்னால் வருவதும் வேறு வழியில்லாதவர்கள் பட்ட பாடு. வழி இருக்கும்போது நான்கு வயதுக் குழந்தையை அதற்குள் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இனி கன்சல்டன்ட்டுக்கு வருவோம். கட்டணம் வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற ஆலோசனை சொல்ல, சட்டத்தின் 91-ஆம் பிரிவு சிலரைத்தான் அனுமதிக்கிறது: அங்குள்ள வழக்கறிஞர் மன்ற உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், 2021 நவம்பரில் தொடங்கிய காலேஜ் ஆஃப் இமிகிரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ் அமைப்பில் உரிமம் பெற்றவர்கள். அந்த உரிம எண் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம் வரும். காலேஜின் இணையதளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. பெயரைத் தட்டி, உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்த வகை என்று பாருங்கள். மாணவர் விசா ஆலோசகர் உரிமத்தை வைத்துக்கொண்டு பி.ஆர். வேலை செய்ய முடியாது. விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு, ‘இன்னார் உங்கள் பெயரில் என் ஃபைலைப் பார்க்கிறாரா?’ என்று கேளுங்கள். அடுத்தவர் உரிம எண்ணைச் சுவரில் மாட்டியிருக்கும் கடைகள் நிறைய.

பாஸ்வேர்ட் அவரிடம் இருக்கிறது என்பது இன்னும் மோசம். உரிமம் உள்ளவர் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் உங்கள் கையெழுத்தோடு தன்னைப் பிரதிநிதியாகக் காட்டிக்கொண்டு, பிரதிநிதிகளுக்கென உள்ள தனிப் போர்ட்டலில் வேலை பார்ப்பார். உங்கள் பெயரில் நுழைய அவருக்குத் தேவையே இல்லை. அப்படி நுழைகிறவர் துறையின் கண்ணில் இல்லாத ஆள். பொய் பிடிபட்டால் எழுதியது நீங்கள்தான் என்று ஆகும். கோப்பில் அவர் பெயர் எங்குமே இருக்காது.

எனவே, இரண்டாம் தவணை இப்போது கட்டாதீர்கள். பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்றால் எப்போதுமே கட்டாதீர்கள். பாஸ்வேர்ட்டைக் கேட்டு வாங்கி, உள்ளே போய், முதல் வேலையாக மீட்பு மின்னஞ்சலையும் போன் எண்ணையும் உங்களுடையதாக மாற்றுங்கள். ப்ரொஃபைலின் ஒவ்வொரு பக்கத்தையும் பிரின்ட் எடுங்கள். வேலை தேதிகளையும் பதவிப் பெயர்களையும் சரிபாருங்கள். மனைவி விஷயத்தில் கைவைத்தவர் அங்கேயும் வைத்திருப்பார். அழைப்பு வராததுதான் உங்கள் நல்லகாலம். அதற்கு முன் ப்ரொஃபைலைத் திருத்துவதில் தடையில்லை. திருத்துவதற்குள் அழைப்பு வந்துவிட்டால், 60 நாளும் கடந்து போக விடாமல் நிராகரித்துவிடுங்கள். ப்ரொஃபைல் மறுபடி அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலுக்குத் திரும்பும்.

‘நிச்சயம் பி.ஆர்.’ என்று சொன்ன இரண்டாமவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முடிவு அதிகாரி கையில் இருக்கிறது. அதை உத்தரவாதமாக விற்கிறவரிடம் போகாதீர்கள். யாரிடம் போனாலும் என்னென்ன வேலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் சந்திப்புக்கு மனைவியும் வர வேண்டும். முதன்மை விண்ணப்பதாரர் யார் என்பதை அவர் இருக்கும்போது பேசுங்கள்.

இன்றைக்கே அந்தத் திரையைத் திறந்து, ‘உடன் வராதவர்’ என்ற வரியை அவருக்குக் காட்டுங்கள். கோபப்படுவார், படட்டும், நடுவில் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். வர விருப்பமா என்று அதன் பிறகு கேளுங்கள். விருப்பம் என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். தேதியை அவரே பார்த்துப் பதியட்டும், விடைத்தாள் திருத்தும் வாரத்தைத் தவிர்த்து.