யோருபா வகுப்பு: பிள்ளைகள் பேசுவது பாட்டிக்குப் புரியவில்லை என்றால்

எழுத்துப் பாடத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, சொற்களை முனகச் சொல்லுங்கள். லண்டனில் வளரும் உங்கள் மாணவர்கள் பேசும் யோருபா (நைஜீரியாவின் ஒரு மொழி) லேகோஸ் நகரப் பாட்டிக்குப் புரியாததற்குச் சுரம்தான், அதாவது குரலின் ஏற்ற இறக்கம்தான், காரணமாக இருக்கும். யோருபாவில் மூன்று சுரம்; மேலை இசையின் பெயர்களில் சொன்னால் டோ தாழ்வு, ரே நடு, மி உயர்வு. ‘ஒக்கொ’ ரே-ரே என்றால் கணவன், ரே-டோ வண்டி, ரே-மி மண்வெட்டி. “கணவனில் ஏறி வந்தேன்” என்றால் பாட்டி சிரிக்கத்தான் செய்வார்!

ஒருவர் வாயை மூடி இந்த மூன்று சொற்களில் ஒன்றின் சுரத்தை முனகட்டும், மற்றவர் எதுவென்று சொல்லட்டும். பத்துக்கு எட்டு சரியானால் எழுத்துக்குத் திரும்பலாம்.

பாடத்தாளையும் பாருங்கள். போனில் தட்டும்போது சுரக்குறியும் எழுத்தின் அடிப்புள்ளியும் எளிதில் விடுபடும். புள்ளி போனால் ஒலியே மாறிவிடும்.

பாட்டி எக்கிட்டி, இஜேபு ஆகிய யோருபா பகுதிகளைச் சேர்ந்தவர் என்றால் பேச்சுவழக்கு வேறு. அவர் பேச்சைப் பாடநூலை வைத்துத் திருத்தாதீர்கள்.