ரொறன்ரோ போகும் தம்பியின் ட்வீட் ஓவர்கோட்டுக்கு எந்த லைனிங் நல்லது?

தம்பிக்கு ஓவர்கோட் தைக்க ட்வீட் வாங்கிவிட்டீர்கள், உள்ளுக்கு என்ன துணி போடுவது என்று கேட்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் கோட் தைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிடைத்தால் கூப்ரோ என்ற துணி. பெம்பெர்க் என்று அதன் வணிகப் பெயரில் கேட்டாலும் அதுதான். கிடைக்காவிட்டால் ட்வில் நெசவில், அதாவது சாய்கோடு தெரியும் நெசவில், கொஞ்சம் கனமான விஸ்கோஸ் (ரேயோன்).

நானும் ஒருகாலம் பளபளப்பைப் பார்த்துத்தான் லைனிங் எடுத்தேன். கனடா போன ஒருவருக்கு பொலியஸ்டர் சாட்டின் போட்டுக் கொடுத்தேன். முதல் குளிர்காலமே தொலைபேசி எடுத்தார். கோட்டைக் கழற்றும்போது படபடவென்று மின்சாரம் அடிக்கிறதாம், பஸ்ஸில் ஏறினால் முதுகு வேர்த்து ஒட்டுகிறதாம். இங்கே போட்டுப் பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் இருக்கிறது. அங்கே ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும். அடுத்தமுறை அவர் ஊருக்கு வந்தபோது லைனிங்கை முழுதாகப் பிரித்து மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

கூப்ரோ, பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்து செய்வது. வேர்வையை இழுக்கும், மின்சாரம் அவ்வளவாகப் பிடிக்காது, பட்டுப்போல வழுக்கும். ட்வீட் சொரசொரப்பான கம்பளி என்பதால் அந்த வழுக்கல் முக்கியம். ஸ்வெட்டர் போட்ட கை தடங்காமல் உள்ளே போகவேண்டுமே! குளிருக்காக உடம்புப் பகுதிக்குப் பஞ்சு வைத்துத் தைத்த லைனிங் போட்டாலும் கைக்குள் அது வேண்டாம்.

கடையில் விஸ்கோஸ் என்று சொல்லிப் பொலியஸ்டர் தருவதும் உண்டு. ஓரத்தில் இரண்டு நூல் உருவி நெருப்புக் காட்டிப் பாருங்கள். கடதாசி மாதிரி எரிந்து சாம்பல் உதிர்ந்தால் சரி. உருகிக் கெட்டி மணியாக உருண்டால் வாங்காதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே வரும் கோட் என்றால் அகலத் துணியில் மூன்று மீட்டர் அளவில் எடுங்கள். விஸ்கோஸ் சுருங்கும், அதனால் வெட்டமுதல் ஆவி காட்டி அயர்ன் பண்ணச் சொல்லுங்கள். அப்புறம், முதுகு நடுவில் ஒரு அங்குல மடிப்பு விடவேண்டும். கையை முன்னால் நீட்டும்போது ட்வீட் கொஞ்சம் இழுபடும், லைனிங் இழுபடாது. மடிப்பு இல்லாவிட்டால் கமக்கட்டுத் தையலில்தான் முதலில் கிழியும்.

நிறம் உங்கள் விருப்பம். பொக்கற்றின் உள்பைக்கு மட்டும் இந்த லைனிங் வேண்டாம், திறப்பும் சில்லறையும் சீக்கிரம் ஓட்டை போட்டுவிடும். அதற்கு நெருக்கமான பருத்தித் துணி கொடுங்கள்.