மிதவை சுவிட்ச் போட்டும் மோட்டர் அடிக்கடி ஓடி நிற்கிறதா?

பண்டாரவளை வீட்டில் மேல் தாங்கி நிரம்பும் நேரம் மோட்டர் நிமிடத்துக்கு நாலு தடவை ஓடி நிற்கிறது, தண்ணீர் மட்டத்துக்கு ஏற்ப மோட்டரை ஓடவிட்டு நிறுத்தும் மிதவை சுவிட்சை மாற்றியும் சரிவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புது சுவிட்சைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் மெயினை அணைத்துவிட்டு, அதன் வயரில் கோர்த்திருக்கும் எடைக்கட்டியைப் பாருங்கள்.

கட்டிக்கும் மிதவைக்கும் இடையில் உள்ள வயரின் நீளம்தான் எந்த மட்டத்தில் ஓடும், எந்த மட்டத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது நாலு விரல் அளவுக்குச் சுருங்கியிருந்தால், குழாயிலிருந்து விழும் தண்ணீரின் அலையே மிதவையைக் கவிழ்த்துவிடும். கட்டியை மேலே தள்ளி, ஒரு அடிக்குக் குறையாமல் வயரை விடுங்கள். மிதவை சுவரில் முட்டாமல் ஆடவேண்டும், தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே தொங்கக்கூடாது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டர் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சுவிட்சின் உள்முனைகள் கருகிவிடும். பெரிய மோட்டர் என்றால் நடுவில் ஒரு கொன்டாக்டர் (மோட்டரின் பெரிய கரண்டைத் தாங்கும் தனி சுவிட்ச்) போடுவதே நல்லது.

அப்புறம், மழையில்லாத மாதங்களில் ஊற்று வற்றினால் மோட்டர் வெறுமனே ஓடி எரிந்துபோகும். கிணற்றிலும் ஒரு மிதவையை இறக்கி, மேலுள்ளதோடு தொடராக, அதாவது இரண்டில் எது அணைந்தாலும் மோட்டர் நிற்கும்படி இணையுங்கள். அது மட்டம் இறங்கும்போது அணையவேண்டும், மேலே உள்ளதற்கு நேர்மாறாக. எந்த வயர் எப்போது இணைகிறது என்பதை, நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.